அண்ணனின் கேள்வியும் இளஞ்சிவப்பு நாடாவும்

சென்ற அக்டோபரில் எங்கள் பல்கலைக்கழக உணவகத்துக்கு வெளியே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் ஒரு கூடை நிறைய இளஞ்சிவப்பு நாடாக்கள், ஓர் உண்டியல், நான்கு மொழிகளிலும் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்கள். தோழி எடுத்த படம் ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அம்மா இதயக் குறி அனுப்பினார். சித்தி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். பெரியப்பா மகன், எங்கள் எல்லாருக்கும் மூத்த அண்ணன், இரண்டே வரி எழுதினார்: "பெண்களுக்கு மட்டும்தான் நாடாவா? தாத்தாவுக்கு யார் உண்டியல் ஏந்துறது?"

அதன் பிறகு குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை.

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தாத்தாவுக்கு 78 வயது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இடுப்பு வலி என்று மருத்துவரைப் பார்க்கப் போனார். புராஸ்டேட் புற்றுநோய், அதுவும் எலும்புவரை பரவிவிட்டது என்று தெரியவந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட அவரை அழைத்துச் செல்வது அண்ணன்தான். வேலைக்கு விடுப்பு எடுத்து, மருத்துவமனை நாற்காலியில் மணிக்கணக்காகக் காத்திருந்து, தாத்தாவைக் கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவதும் அவர்தான். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது.

பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடியும் எழுதி, மறுபடியும் அழித்தேன்.

அந்த மூன்று நாளில் மேசைக்கு வந்த சிலரும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு மாதமே ஒதுக்கியிருக்கிறார்கள், கட்டடங்களுக்குக்கூட இளஞ்சிவப்பு விளக்குப் போடுகிறார்கள், ஆண்களுக்கு வரும் நோய்களுக்கு என்ன செய்கிறார்கள் என்றார் ஒருவர். ஆண்களுக்கென்று அமைப்பு தொடங்கினால் பாகுபாடு என்பார்கள், பெண்களுக்கென்று தொடங்கினால் அறப்பணி என்பார்கள் என்றார் இன்னொருவர். அவரிடம் ஒரு நாடாவை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

நான் மருத்துவ மாணவி இல்லை. படிப்பது புள்ளியியல். பதில் தெரியாத கேள்வி ஒன்று மனத்தில் கிடந்தால் தூக்கம் வராது என்பது மட்டும் உண்மை. ஆகவே தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அத்தையின் எட்டு மாதம்

எங்கள் குடும்பத்தில் புற்றுநோய் முதலில் வந்தது தாத்தாவுக்கு இல்லை, அவருடைய மகளுக்கு. அதாவது என் அத்தைக்கு. (அத்தையிடமும் அண்ணனிடமும் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.)

அப்போது நான் தொடக்கநிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்கு 46 வயது. ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. எட்டு மாதம் அதை யாரிடமும் சொல்லவில்லை, மாமாவிடம்கூட. "எந்த வார்த்தையைப் போட்டுச் சொல்றதுன்னு தெரியல" என்று பல ஆண்டுகள் கழித்து என்னிடம் சொன்னார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சுகாதாரக் கண்காட்சி நடந்தது. காய்கறிப் பையோடு வந்த அத்தை இளஞ்சிவப்புச் சட்டை அணிந்திருந்த ஒரு தொண்டூழியர் தமிழில் பேசுவதைக் கேட்டு நின்றுவிட்டார். அந்தப் பெண்மணி தாமே சிகிச்சை பெற்று மீண்டவர். ரப்பரில் செய்த மாதிரி மார்பகம் ஒன்றை மேசையில் வைத்திருந்தார். அத்தையின் விரல்களைப் பிடித்து அதன்மேல் வைத்து, கட்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தடவிக் காட்டினார். அத்தைக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டதாம்.

அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் நடந்தன. இன்று அத்தை நலமாக இருக்கிறார், என்னைவிட வேகமாக நடக்கிறார். ஆனால் அந்த ஆண்டு உறவினர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி, "வயித்துல சின்னக் கட்டி" என்பதுதான். பாட்டி அப்படித்தான் சொல்லச் சொன்னார். வீட்டில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளை வரன் பார்க்கும்போது யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

அச்சில் வராத சொல்

மார்பகப் புற்றுநோய் அமைப்புகளின் வரலாற்றைப் படிக்கும்போது பாட்டியின் நினைவுதான் திரும்பத் திரும்ப வந்தது. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஃபேனி ரோசனாவ் என்ற பெண், இந்த நோயிலிருந்து மீண்டவர்களுக்கான ஆதரவுக் குழு பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் விளம்பரம் தர முயன்றார். ‘மார்பகம்’ என்ற சொல்லையும் ‘புற்றுநோய்’ என்ற சொல்லையும் அச்சிட முடியாது, ‘மார்புச் சுவர் நோய்கள்’ பற்றிய கூட்டம் என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்களாம். சித்தார்த்த முகர்ஜி எழுதிய புற்றுநோய் வரலாற்று நூலில் இந்தச் சம்பவம் வருகிறது. நியூயார்க்கின் மார்புச் சுவரும் எங்கள் வீட்டு வயிற்றுக் கட்டியும் ஒன்றுதான்.

பேச்சுதான் அப்படி என்றால், சிகிச்சை அதைவிடக் கடுமை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறைப்படி மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றுவார்கள். பல பத்தாண்டுகளுக்கு அங்கு அதுவே வழக்கம். கட்டியைச் சோதிக்க மயக்க மருந்து கொடுப்பார்கள். புற்று என்று தெரிந்தால், நோயாளி கண்விழிக்கும் முன்பே மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். மயக்கம் தெளிந்து தன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கும்வரை அவருக்கு எதுவும் தெரியாது. அவரைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1974இல் தமக்குக் கட்டி இருப்பதைக் கண்டார். முதலில் பரிசோதனை மட்டும் செய்யுங்கள், முடிவை நான் எடுக்கிறேன் என்றார். அதற்கு ஒப்புக்கொள்ளும் மருத்துவரைத் தேடி அவர் பலரிடம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு தமக்கு மார்பகம் அகற்றப்பட்டதை மறைக்காமல் நாட்டுக்கே சொன்னார். அடுத்த சில வாரங்களில் பரிசோதனைக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை சட்டென்று உயர்ந்தது. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைவதில்லை என்று பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வு 1985இல் உறுதிப்படுத்தியது. என் அத்தை தம் மார்பகத்தை முழுதாக இழக்காமல் இருப்பதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம்.

இளஞ்சிவப்பு நாடா வந்தது இவ்வளவுக்கும் பிறகு, 1992இல். அதற்கு முன்பே கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஷார்லட் ஹேலி தம் வீட்டில் பீச் பழ நிறத்தில் நாடாக்கள் செய்து, புற்றுநோய்த் தடுப்புக்கு அரசாங்கம் ஒதுக்கும் பணம் போதாது என்று அச்சிட்ட அட்டையில் கோத்து விநியோகித்தார். ஓர் இதழும் அழகுப் பொருள் நிறுவனமும் அந்த நாடாவைக் கேட்டபோது, வியாபாரமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். நம் சட்டையில் குத்தியிருப்பது அந்த இரண்டாவது நாடா.

இதில் அண்ணனுக்கு நான் கட்டாயம் சொல்ல நினைத்த செய்தி ஒன்று உண்டு. 1991இல் அமெரிக்காவின் பல மார்பகப் புற்றுநோய்க் குழுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. அவர்கள் கொடுத்த நெருக்குதலால் அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் ஆய்வுக்கு 21 கோடி டாலர் ஒதுக்கியது. விந்தை என்னவென்றால், அந்தப் பணம் போனது தற்காப்பு அமைச்சுக்கு! அங்கே புதிதாக ஒரு ஆய்வுத் திட்டம் உருவானது. 1997இல் அதே திட்டத்தின்கீழ் புராஸ்டேட் புற்றுநோய்க்கென 4.5 கோடி டாலரில் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. பெண்கள் தட்டித் திறந்த கதவு வழியாகத்தான் ஆண்களின் நோயும் உள்ளே போயிருக்கிறது.

யாருக்கு எவ்வளவு?

சரி, எண்களுக்கு வருவோம். குறைசொல்பவர்களின் கையிலும் வலுவான எண்கள் உண்டு. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு புராஸ்டேட் புற்றுநோயால் 11,819 ஆண்களும் மார்பகப் புற்றுநோயால் 11,442 பெண்களும் இறந்தார்கள். ஆண்களின் எண்ணிக்கை பெண்களின் எண்ணிக்கையைத் தாண்டிய செய்தி 2018இல் வெளியானது. ஆய்வுக்குக் கிடைத்த பணமோ மார்பகத்துக்கே அதிகம். இதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தச் செய்தியைப் பரப்பிய பிரிட்டனின் புராஸ்டேட் புற்றுநோய் அறநிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? மக்கள் அதிக வயதுவரை வாழ்வதால் புராஸ்டேட் நோயாளிகள் பெருகுகிறார்கள், மார்பகப் புற்றுநோய் மரணங்கள் குறைந்திருப்பது பணமும் ஆய்வும் பலன் தரும் என்பதற்குச் சான்று, ஆகவே எங்களுக்கும் அதுபோல் செய்யுங்கள் என்றது. பெண்களுக்குக் குறையுங்கள் என்று ஒரு வார்த்தையும் இல்லை. அதே 2018இல் நடிகர் ஸ்டீவன் ஃப்ரையும் தொலைக்காட்சி அறிவிப்பாளர் பில் டர்ன்புல்லும் தங்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் இருப்பதை வெளியே சொன்னார்கள். மருத்துவரை நாடிய ஆண்களின் எண்ணிக்கை கூடியது. பெட்டி ஃபோர்டு செய்ததை 44 ஆண்டு கழித்து இரண்டு ஆண்கள் செய்தார்கள்.

சிங்கப்பூரில் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோயும் அதிக உயிர்களைப் பறிக்கும் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோய்தான். 13 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் அது வரக்கூடும். ஆண்களிடையே அண்மை ஆண்டுகளில் அதிகம் கண்டறியப்படுவது புராஸ்டேட் புற்றுநோய் என்றாலும், அதிகம் பேரைக் கொல்வது நுரையீரல் புற்றுநோய். ஆகவே மார்பகத்தையும் புராஸ்டேட்டையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதே சரியான ஒப்பீடு இல்லை. திரையரங்கிலும் பேருந்திலும் புகைபிடிக்க இங்கு 1970இலேயே தடை வந்தது. புகைப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1980களில் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். அதனால் தடுக்கப்படும் கல்லீரல் புற்றுநோய் ஆண்களையே அதிகம் தாக்கக்கூடியது. இவற்றை ஆண்களுக்கான திட்டம் என்று யாரும் பெயர்சூட்டவில்லை, நாடாவும் கிடையாது. உயிர் பிழைத்த ஆண்கள் மட்டும் இருக்கிறார்கள்.

‘மேமோகிராம் எடுக்கச் சொல்லிக் கடிதம் வருகிறது, புராஸ்டேட்டுக்கு ஏன் வருவதில்லை?’ என்பது அடுத்த கேள்வி. 2002இல் நாடு முழுவதற்குமான மேமோகிராம் பரிசோதனைத் திட்டம் இங்கு தொடங்கியது. புராஸ்டேட்டுக்கு இருப்பது பிஎஸ்ஏ எனும் இரத்தப் பரிசோதனை. (மருத்துவர் முதன்முதலில் ‘பிஎஸ்ஏ’ என்று சொன்னபோது தாத்தா, தாம் வேலை பார்த்த துறைமுகத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, ஓய்வுபெற்ற ஆண்டைச் சொன்னாராம்.) புற்று இல்லாதபோதும் பிஎஸ்ஏ அளவு ஏறலாம். வாழ்நாள் முழுவதும் தொல்லை தராத மெதுவான புற்றையும் அது காட்டிக்கொடுக்கும். அதற்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழந்து தவிப்பவர்கள் உண்டு. அமெரிக்க நிபுணர் குழு 2012இல் இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்றது. 2018இல் 55 வயதிலிருந்து 69 வயதுவரை உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. எல்லா ஆண்களுக்கும் கடிதம் அனுப்பாததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, நல்ல பரிசோதனை இன்னும் கிடைக்கவில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு நல்ல பரிசோதனை இருக்கிறது. அதற்கு 50 வயதைத் தாண்டிய ஆண், பெண் இருபாலரையும்தான் அழைக்கிறார்கள். சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் அந்தப் பரிசோதனைப் பெட்டியை இலவசமாகவே தருகிறது.

இன்னொன்று. தேசிய சிறுநீரக அறநிறுவனம் 1969இல் தொடங்கியது. அது இதய நோயாளிகளை ஒதுக்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம் 1992இல் வந்தது. முதியவர்களுக்கு எதிரான பாகுபாடு என்று யாரும் மேசைமுன் நின்று வாதாடியதில்லை. மார்பகப் புற்றுநோய் அறநிறுவனம் 1997இல் தொடங்கப்பட்டது. வசதி குறைந்த பெண்களின் மேமோகிராம் செலவுக்கு உதவுகிறது, மீண்டவர்களை ஒன்றுசேர்க்கிறது, டிராகன் படகுகூட ஓட்டவைக்கிறது. படகு வேடிக்கைக்காக இல்லை. அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்கள் கையால் கடினமான வேலை செய்தால் கை வீங்கிவிடும் என்று மருத்துவர்கள் நம்பிய காலம் ஒன்று உண்டு. கனடாவில் டான் மெக்கென்சி எனும் மருத்துவர் 1996இல் அத்தகைய பெண்களை டிராகன் படகில் உட்காரவைத்துத் துடுப்புப் போடச் சொன்னார். யாருக்கும் கை மோசமாகவில்லை. இப்படி ஓர் எண்ணம் தோன்ற, அந்த ஒரு நோயையே இரவு பகலாக நினைத்துக்கொண்டிருக்கும் ஆட்கள் வேண்டும். எல்லாப் புற்றுநோய்க்கும் உதவ, 1964 முதல் புற்றுநோய்ச் சங்கம் இருக்கவே இருக்கிறது. தாத்தாவுக்கு அங்கே கதவு அடைக்கப்படவில்லை.

ஆண்களுக்கு இப்படி ஓர் இயக்கத்தைத் தொடங்கவும் யாரும் தடைபோடவில்லை. 2003இல் மெல்பர்னில் 30 ஆண்கள் மீசை வளர்க்க ஆரம்பித்தார்கள். அதுவே இன்று நவம்பர்தோறும் பல நாடுகளில் நடக்கும் ‘மூவெம்பர்’. அதை முன்னெடுத்தவர்கள் மார்பகப் புற்றுநோய் இயக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை, அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நம் வீடுகளில்தான் இது எடுபடாது. மாமாக்களும் பெரியப்பாக்களும் பன்னிரண்டு மாதமும் மீசையோடுதான் இருக்கிறார்கள்!

நியாயமான குறை

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. இளஞ்சிவப்பு ஒரு வியாபார நிறமாகிவிட்டது என்ற குறை உண்மைதான். 2010இல் அமெரிக்காவில் ஒரு பெரிய மார்பகப் புற்றுநோய் அமைப்பு பொரித்த கோழி விற்கும் கேஎஃப்சியோடு சேர்ந்து இளஞ்சிவப்பு வாளிகளில் கோழி விற்க ஒத்துக்கொண்டது. ஷார்லட் ஹேலி பயந்தது இதற்குத்தான்.

பாலினம் சார்ந்த நியாயமான குறை ஒன்றும் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டியவர்கள் புராஸ்டேட் நோயாளிகள் இல்லை, மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்கள். மொத்த மார்பகப் புற்றுநோயாளிகளில் சுமார் 1 விழுக்காட்டினர் ஆண்கள். ‘ஷாஃப்ட்’ படத்தின் நாயகன் ரிச்சர்ட் ரவுண்ட்ரீக்கு 1993இல் இந்த நோய் கண்டறியப்பட்டது. நெஞ்சில் கட்டி வந்தாலும் இது பெண்கள் நோய்தானே என்று இருந்துவிடுவதால் ஆண்கள் பெரும்பாலும் தாமதமாகவே மருத்துவரிடம் போகிறார்கள். போனால் பரிசோதனை அறையில் எல்லாமே இளஞ்சிவப்பு, நிரப்பக் கொடுக்கும் படிவத்தில் மாதவிடாய் பற்றிய கேள்விகள். அவர்களுக்கு எப்படி இருக்கும்? எங்கள் மேசையில் இருந்த துண்டுப் பிரசுரத்தில் ஆண்களுக்கும் இது வரலாம் என்ற ஒரு வரி கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அடுத்த முறை அதை முதல் பக்கத்தில் போடச் சொல்லி ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.

மருத்துவர் கேட்டது

தீபாவளியன்று தாத்தா வீட்டில் எல்லாரும் கூடினோம். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனை மின்தூக்கிப் பக்கம் கூட்டிப்போய், தேடிப் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பிரிட்டன் எண்கள், 21 கோடி டாலர், பிஎஸ்ஏ, மெல்பர்ன் மீசை. பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நாடா வேணாம்னு நான் எப்பம்மா சொன்னேன்? ரெண்டு வருஷமா அங்க நான் ஒருத்தன்தான் உக்காந்திருக்கேன். அதான் அப்படி எழுதிட்டேன்" என்றார்.

நான் சேர்த்துவைத்திருந்த எண்கள் எதுவும் அந்தப் பேச்சுக்கு உதவவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்காக மூன்று நாள் மேசையில் உட்கார்ந்தவள், தாத்தாவோடு ஒருநாள் காலைகூட மருத்துவமனைக்குப் போனதில்லை. அத்தைக்குச் சிகிச்சை நடந்தபோது துணைக்குப் போக அம்மா, சித்தி, பெரியம்மா என்று முறைவைத்துக்கொண்டார்கள். அவரைத் தேடி அந்தத் தொண்டூழியரும் வீட்டுக்கு வந்தார். தாத்தாவின் நோயை நாங்கள் ஆண்கள் சமாசாரம் என்று அண்ணன் தலையில் கட்டிவிட்டோம். பேச்சுவழக்கில் அந்த உறுப்புக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்கூட இல்லை. ‘யூரின் பிரச்சினை’ என்றே வீட்டில் சொல்கிறோம். இதில் மார்பகப் புற்றுநோய் அமைப்பு செய்த தப்பு என்ன?

டிசம்பரில் ஊசிக்குப் போன அன்று நானும் சேர்ந்து போனேன். அன்று புதிய மருத்துவர் ஒருவர். கோப்பைப் புரட்டிவிட்டு, தாத்தாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா?"

அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் எளிமையாக விளக்கினார். பிஆர்சிஏ2 என்று ஒரு மரபணு உண்டு. அதில் கோளாறு இருந்தால் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்று அல்லாத சூலகப் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயம் கூடும். ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோயின் அபாயமும், ஓரளவு மார்பகப் புற்றுநோயின் அபாயமும் கூடும். தந்தையிடமிருந்தும் வரலாம், தாயிடமிருந்தும் வரலாம், மகனுக்கும் போகலாம், மகளுக்கும் போகலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அத்தைக்கு 46 வயதிலேயே வந்திருப்பதால் தாத்தாவுக்குப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது என்றார். கோளாறு இருப்பது தெரிந்தால் தாத்தாவுக்கு இன்னொரு மருந்தும் கொடுத்துப் பார்க்க வழி உண்டாம்.

வீட்டுக்கு வந்து தேடினேன். மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வரக்கூடும் என்று பலரும் நம்பாத காலத்தில், மேரி கிளேர் கிங் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் குடும்பம் குடும்பமாகத் தகவல் திரட்டி, பிஆர்சிஏ1 மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் காட்டினார். பிஆர்சிஏ2 அடுத்த சில ஆண்டுகளில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சொன்ன வகை மருந்துகளில் ஒன்றான ஓலபரிப் 2014இல் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. பிறகு மார்பகத்துக்கு. 2020இல் அமெரிக்காவில் புராஸ்டேட்டுக்கு. பெண்களின் நோய்க்காகத் தொடங்கிய தேடல் முப்பது ஆண்டுகளில் என் தாத்தாவின் கோப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதும் இல்லை. கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற மருத்துவர், சூலகத்தை அகற்றினால் சில பெண்களுக்கு மார்பகப் புற்று சுருங்குவதை 1896இல் வெளியிட்டார். ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்தினால் புராஸ்டேட் புற்றும் சுருங்கும் என்று சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941இல் கண்டறிந்தார். அதற்காக அவருக்கு 1966இல் நோபெல் பரிசு கிடைத்தது. தாத்தா மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி அந்த வழியில் வந்ததுதான்.

தாத்தா சம்மதித்தார். கையெழுத்துப் போடும் முன், "இது எனக்கா, என் மகளுக்கா?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் என்று தாதி மலாயில் சொன்னார். துறைமுகத்தில் பேசிப் பழகிய மலாய் அவருக்கு ஆங்கிலத்தைவிட நன்றாகப் புரியும்.

அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவின் காப்பிக்கடை நண்பர்களோடு உட்காருகிறார். சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, முதுகு, இடுப்பு எலும்பு வலி விடாமல் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்கிறார். இரவில் நான்கைந்து முறை எழுந்தால் பெரும்பாலும் அது வயதானவர்களுக்கு வரும் சாதாரண வீக்கம்தான், ஆனாலும் காட்டிவிடுங்கள் என்கிறார். முதல் வாரம் பெரியவர்கள் பேச்சை மாற்றிக் காற்பந்துக்குப் போய்விட்டார்களாம். மூன்றாம் வாரம் ஒருவர் மட்டும், அண்ணன் கிளம்பும்போது கூடவே பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்து மெதுவாகப் பேச்சை ஆரம்பித்திருக்கிறார்.

தாத்தாவின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த ஊசி மார்ச் மாதம். அன்று எனக்கு வகுப்பு இருக்கிறது, ஆனால் முறை என்னுடையது.